உட்கார வைத்த கூட்டம்

என் வீட்டுக்காரர் காலியாக இருக்கும் ஹோட்டலுக்குள் கால் வைக்க மாட்டார். பக்கத்துக் கடையில் ஆட்கள் வாசல்வரை நின்றால், பசியில் குடல் சுருண்டாலும் அங்கே போய்த்தான் நிற்பார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தே காலத்தை ஓட்டியவர். "கூட்டம் ஏறாத வண்டி ஒண்ணு டிப்போவுக்குப் போகும், இல்ல வழியில படுத்துக்கும்" என்பார். அந்த அனுபவத்தை வைத்துத்தான் காய்கறி வாங்குவார், முடி வெட்டிக்கொள்வார், ஓட்டுப் போடுவார். என்னைக் கட்டிக்கொண்டதும்கூட, இன்னும் சிலர் என்னைக் கேட்டு வந்தது தெரிந்த பிறகுதான்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தேன். முட்டிவலி வந்து நிற்க முடியாமல் போனதால் கடையை விற்றுவிட்டேன். அந்தப் பணம் எங்கள் இருவர் பேரிலும் வங்கியில் கிடந்தது. எடுக்க வேண்டுமென்றால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகுட்டி கிடையாது, எனக்குக் கூடப்பிறந்தவர்களும் கிடையாது. இனி விழுந்தாலும் எழுந்தாலும் அந்தப் பணம்தான் துணை.

அதை அப்படியே கொண்டுபோய் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் போட வேண்டும் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். புதுக் கிளை திறக்கப் பங்கு விற்கிறார்களாம். இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகம் மலர்ந்து சொன்னார்: "நிக்க இடமில்லடி!"

"ஆஸ்பத்திரியில கூட்டம் இருந்தா, வைத்தியம் லேட்டாகுதுன்னுகூட இருக்கலாமே?"

"இத்தனை பேரும் முட்டாளா?" என்றார். இது அவருடைய கடைசி ஆயுதம். இதற்கு மேல் பேசினால் முட்டாள் நான்தான்.

பங்கு வாங்குகிறவர்களை அங்கே கூப்பிட்டிருந்த அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்கு நெஞ்சு எரிந்தது. முதலில் வாயு என்று நினைத்து வெந்நீர் குடித்தேன். அப்புறம் இடது தாடை இழுத்தது, கை கனத்தது. "எதுத்தாப்புல இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்கே போயிடலாமே" என்றேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், பச்சைக் கதவு போட்ட ஒன்று இருக்கிறது.

"அங்கயா? ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்காங்க. ஒருத்தன்கூட நம்பிப் போகாத இடத்துக்கு உன்னக் கூட்டிட்டுப் போகவா? இன்னைக்குப் பெரிய ஆஸ்பத்திரியில பங்குக்காரங்க கூட்டமும் இருக்கு. ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிடும்."

நெஞ்சுவலிக்காரியையும் கடைத்தெரு வேலையையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

உண்மையிலேயே அங்கே நிற்க இடமில்லை. கூடம் முழுக்க நீல நாற்காலிகள். தலையில் கட்டு, கழுத்தில் பட்டை, மடியில் கோப்பு, இருமல், முனகல். மேலே மாடியில் நீளமாக ஒரு கண்ணாடிச் சுவர். அதற்குப் பின்னால் சட்டையை உள்ளே செருகிய ஆட்கள் கையில் காப்பிக் கோப்பையோடு நின்று எங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் எப்படியோ எனக்கு ஒரு நாற்காலி பிடித்துக் கொடுத்தார். "டோக்கன் வாங்கிக்கோ. மேல தலையக் காட்டிட்டு வந்துடறேன்" என்று லிஃப்ட்டில் ஏறிவிட்டார்.

நான் எழுந்து, நாற்காலி நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு முன்மேஜைக்குப் போனேன். உதட்டுச் சாயம் கலையாத ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"நெஞ்சு வலிக்குதும்மா. மூச்சு விட முடியல."

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நல்லாத்தான் பண்றீங்க. ஆனா நெஞ்சுவலியெல்லாம் வேணாம்னு சொன்னோமே? காய்ச்சல், இருமல் போதும். போய் உக்காருங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வலியில் என் காதுதான் ஏதோ செய்கிறது என்று நினைத்தேன். திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தபோது பக்கத்தில் கையில் கட்டுப் போட்ட ஒருவன் சிரித்தான். ஆளைவிடக் கண்ணாடிதான் எனக்கு முதலில் தெரிந்தது, அது என் கடைக் கண்ணாடி. மைனஸ் எட்டு! வாடிக்கையாளர் பேரெல்லாம் எனக்கு நிற்காது, பவர்தான் நிற்கும்.

"என்னப்பா, கையில என்ன?"

"ஒண்ணுமில்லக்கா, சும்மா கட்டு." அவன் என் காதருகே குனிந்தான். "நீங்களும் வந்துட்டீங்களா? உங்களுக்கு எவ்வளவு பேசினாங்க?"

"எதுக்கு?"

"உக்கார்றதுக்குத்தான். பணம் போடுறவங்க வர்ற அன்னைக்கு நம்மள உக்கார வைப்பாங்க. மத்தியானம் சாப்பாடும் உண்டு. நான் வேலை போனதுல இருந்து இதுக்குத்தான் வர்றேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். தலையில் கட்டுப் போட்டவர் கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துப் பட்டைக்காரி தலையைச் சொடுக்கித் திருப்பி யாரிடமோ கதை பேசினாள். கோப்பு வைத்திருந்த ஒரு பெரியவர் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அடப்பாவிகளா! அத்தனை பேரும் கூலிக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் கும்பிட்ட கூட்டம் இதுதான். வாழ்நாள் உழைப்பை இந்தக் கூத்தில் கொட்டப் போகிறாரே, ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன்.

எழுந்ததுதான் தெரியும். தரை மேலே வந்தது.

கன்னத்தில் குளிர்ந்த கல் பட்டது. சுற்றிலும் கால்கள். ஒரு காலும் நகரவில்லை. நர்ஸ் உடுப்புப் போட்ட ஒருத்தி குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "விழவெல்லாம் யாரு சொன்னா? எழுந்திரும்மா, மேல இருந்து பாக்கறாங்க."

நான் மேலே பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் என் வீட்டுக்காரரின் வழுக்கைத் தலை தெரிந்தது. கையை உயர்த்த முயன்றேன், கை வரவில்லை.

"ஐயோ, இவங்க நம்ம ஆளு இல்ல! நிஜமா விழுந்திருக்காங்க!" மைனஸ் எட்டு கத்தினான். கையில் இருந்த கட்டைப் பிய்த்து எறிந்தான். நர்ஸ் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள், கூலி கிடைக்காது என்று மிரட்டினாள். அவன் கேட்கவில்லை. என்னை அலாக்காகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். ஹாரன் சத்தமும் அவன் மூச்சிரைப்பும் மட்டும் கேட்டன. அப்புறம் ஒரு பச்சைக் கதவு.

அந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை. வெறும் பெஞ்சுகள். ஆனால் நாங்கள் நுழைந்ததும் மூன்று பேர் ஓடி வந்தார்கள். நாக்கில் மாத்திரை, நெஞ்சில் ஒயர்கள், கையில் ஊசி. "அடைப்பு" என்று ஒரு லேடி டாக்டர் சொன்னது காதில் விழுந்தது. யாரும் டோக்கன் கேட்கவில்லை. இங்கே கூட்டம் ஏன் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. வந்தவர்களை உட்கார வைத்தால்தானே கூட்டம் சேரும்!

மறுநாள் காலை கண் விழித்தபோது இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்து, பேயறைந்த மாதிரி இருந்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. மனுஷன் எவ்வளவு பதறிப் போயிருப்பார்! என் கையைத் தடவிக்கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது.

"ஏங்க, அந்தக் கூட்டம் பூராப் பொய்ங்க. பணத்த மட்டும் போட்டுடாதீங்க."

"தெரியும்" என்றார்.

"யாரு சொன்னா? என்னத் தூக்கிட்டு வந்த மைனஸ் எட்டா?"

"இல்ல. அந்த ஆஸ்பத்திரி மேனேஜர்."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் விழுந்ததும் அவர் கண்ணாடியைத் தட்டி, 'ஐயோ விழுந்துட்டா' என்று கத்தினாராம். நான் யாரென்று மேனேஜருக்குத் தெரியாது. ஓடி வந்து இவரை மட்டும் தனியாக ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், 'பதறாதீங்க சார், அது நாங்க காசு குடுத்து உக்கார வச்ச ஆளு. வெளிய சொல்லிடாதீங்க, உங்களுக்குப் பங்கு விலையில குறைச்சுத் தர்றேன்' என்றாராம்.

"அப்புறம்?"

"நல்லா யோசிச்சுப் பாரு. கூட்டம் பொய்யா இருந்தா நமக்கென்ன? மேல இருந்தவங்க அத்தனை பேரும் நம்பிட்டாங்க. விலை கண்டிப்பா ஏறும். ஏறினதும் நாம வித்துட்டு இறங்கிடலாம். நமக்கு மட்டும்தான் உண்மை தெரியும், அதுதான் நமக்கு லாபம். நான் என் கையெழுத்தப் போட்டுட்டேன். உன்னோடதுதான் பாக்கி."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து என் போர்வைமேல் வைத்தார்.

நான் தாளைப் பார்க்கவில்லை. என் மனசு வேறு ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றது.

"எப்ப கையெழுத்துப் போட்டீங்க?"

"அப்பவேதான். மேனேஜர் மனசு மாறிடுமேன்னு."

"நான் தரையில கெடக்கும்போதா?"

அவர் போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"அது நான்னு தெரியுமில்ல?"

"தெரியும்டி. தெரியாம இருக்குமா?" பொய் சொல்லத் தெரியாத மனுஷன், உள்ளதைத்தான் சொன்னார். "கீழ அவ்வளவு கூட்டம் இருந்துச்சே. யாராவது பாத்துக்குவாங்கன்னு நினைச்சேன்."

கூலிக்கு வந்த கூட்டம் என்று தெரிந்த பிறகும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். நேற்று விழுந்தபோதுகூட என் நெஞ்சு இப்படி வலிக்கவில்லை.

அப்போது நர்ஸ் கையில் ஒரு படிவத்தோடு வந்தாள். "மத்தியானம் ஆஞ்சியோ பண்ணணும்மா. கூட இருக்கிறவங்க கையெழுத்து வேணும். யாரு போடுறீங்க?"

இவர் போர்வைமேல் இருந்த பேனாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வெளிய பெஞ்சுல தடிக் கண்ணாடி போட்ட ஒருத்தன் இருக்கானாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா, நேத்துல இருந்து அங்கேயேதான் இருக்காரு. போகச் சொன்னாலும் போகல."

"அவனக் கூப்பிடு. அவன் போடட்டும்."

அவள் இவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவர் உங்களுக்கு என்ன உறவுன்னு எழுதறது?"

"தம்பின்னு எழுதும்மா" என்றேன்.

அவள் கதவைத் திறந்துகொண்டு போனாள். இவர் பேனாவைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.