பயன்பாடு: கொல்லை

நிலப் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று உள்ளூராட்சி மன்றம் தன் இணையப் பக்கத்தில் திறந்து வைத்திருந்தது. அதில் பவானேஸ்வரி மூன்று தடவை தேடிவிட்டாள். பெம்பான் பக்கத்துத் தோட்டத்தின் சுடுகாடு, புதைக்கும் இடம்தான், அது மட்டும் இல்லை. சீனர்களின் இடுகாடு இருக்கிறது, மலாய்க்காரர்களுடையது இருக்கிறது, எவனோ மீன் வளர்க்கும் குளம்கூட இருக்கிறது. அவள் அப்பா பெரியதம்பி படுத்திருக்கும் இடம் இல்லை.

தோட்டத்தில் வீடு கட்டப்போகிறார்கள். பட்டியலில் இடுகாடு என்றிருந்தால் தொடமாட்டார்கள். இல்லையென்றால் இயந்திரம் விட்டு மட்டமாக்கிவிடுவார்கள். ஆட்சேபம் சொல்ல வெள்ளிக்கிழமை கடைசி. இன்று புதன்.

குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. அது வேறெதைக் கொடுத்ததோ இல்லையோ, கவுண்டரில் குரலை உயர்த்தும் தைரியத்தைக் கொடுத்திருந்தது. புக்கிட் பெருவாங் ஊரில் பார்க்கும் வேலைக்கு அரைநாள் லீவு போட்டு, அம்மா காளியம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டு மன்றத்துக்கு வந்துவிட்டாள்.

"நம்ம ஆளுங்க செத்தாக்கூட உங்க லிஸ்ட்ல வரமாட்டாங்களாண்ணே?"

கவுண்டரிலிருந்த கிளீட்டஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "உக்காரு தங்கச்சி. எந்த இடம்னு சொல்லிட்டுத் திட்டுலா. தேடிக்கிட்டே கேட்டுக்கறேன்."

பேரை வைத்துத் தேடினால் கிடைக்காது, வரைபடத்தில் பார்க்கலாம் என்று திரையை அவள் பக்கம் திருப்பினார். ஆறு வளையும் இடம், செம்பனைத் தோப்புக்குப் பின்னால். பவானேஸ்வரி விரல் வைத்தாள். அவர் தட்டினார்.

பயன்பாடு: கெபுன். அதாவது கொல்லை. பொதுமக்கள் பார்ப்பது அவ்வளவுதான். கிளீட்டஸ் உள்ளே இருந்த கணக்கெடுப்புப் படிவத்தைத் திறந்தார். உரிமையாளர்: பெரியதம்பி. தகவல் தந்தவர்: காளியம்மா, மனைவி.

பவானேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கணக்கெடுக்க ஒரு மலாய்க்காரத் தம்பி டேப்லெட்டோட வந்து, அந்த இடம் என்னன்னு கேட்டுச்சு. உங்கப்பா போயி ஒம்பது நாளு. காரியங்கூட ஆகல. அந்த வார்த்தைய என் வாயால எப்படிடீ சொல்லுவேன்? எங்க வீட்டுக்காரரு கெபுன், அங்கதான் இருக்காருன்னேன்."

தோட்டத்தில் அந்த வார்த்தையை யாருமே சொல்வதில்லைதான். "கொல்லையில சேத்தாச்சு" என்பார்கள். கேட்பவருக்குப் புரியும். டேப்லெட்டுக்கு எங்கே புரியும்? கத்த வந்த வாய்க்கு எதிரில் ஆளே இல்லாமல் போய்விட்டது.

"எங்க கிறிஸ்தவங்க பக்கம் கல்லறைன்னு பட்டுன்னு சொல்லிருவோம் ஆன்டி," என்றார் கிளீட்டஸ். "ஆனா எங்கம்மா போனப்போ, இறப்புப் பத்திரத்த நான் ஒரு மாசம் வாங்கவே போகல." பிறகு படிவத்தைக் காட்டினார். "திருத்தலாம். யார் சொன்னாங்களோ அவங்களே மாத்திச் சொல்லிக் கையெழுத்துப் போடணும்."

"நான் சொல்றேன். சுடுகாடு. போதுமா?"

"நீ சொன்னா செல்லாது தங்கச்சி."

காளியம்மா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பவானேஸ்வரி குனிந்து, வழக்கத்துக்கு மாறாக மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, அப்பா மேல வீடு கட்டிருவாங்கம்மா."

காளியம்மா நிமிர்ந்தாள்.

"சுடுகாடு," என்றாள். "எங்காளுங்க சுடுகாடு. எழுதிக்க தம்பி."

கிளீட்டஸ் எழுதினார். "எத்தனை குழி ஆன்டி?"

"எத்தனைன்னு தெரியாது. ஆளைத்தான் தெரியும்." விரலை மடக்க ஆரம்பித்தாள். "ஆத்தோரமா நல்லமுத்து. அவருக்குப் பக்கத்துல முனியாண்டி பொண்டாட்டி. அப்புறம் பாம்பு கடிச்ச தேவன், அவன் தங்கச்சி..."

"அவர் எண்ணிக்கைதான்மா கேட்டாரு," என்று பவானேஸ்வரி குறுக்கிட்டாள்.

கிளீட்டஸ் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அடுத்த எண்ணை அழைக்காமல் நிறுத்திவிட்டு, ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் பவானேஸ்வரி பக்கம் நகர்த்தினார். அவள் முதல் பெயரிலிருந்து எழுதத் தொடங்கினாள்.