நடுவில் நின்றவர்

கல்லறை வாசலில் நான்கு பேர் இருந்தார்கள். சவப்பெட்டிக்குள் மேன்னா. அவன் தலைமாட்டில், மண்ணை அள்ளித் தலையில் போட்டபடி தாய் ஹெனூத். கால்மாட்டில் அண்ணன் ஹாபி. நகக்கண்ணெல்லாம் நீலச் சாயம். இடப்பக்கம் மேன்னாவின் மனைவி வாபெத். அவளுக்குக் கையெட்டாத தூரத்தில், மடியில் எழுதுபலகையோடு அவளைப் பெற்ற தகப்பன் பாஷெத்.

மூடி பாறையில் சாய்ந்திருந்தது. அதன் உட்புறம் வானத்தாய் நூத், உடம்பெல்லாம் நட்சத்திரமாகக் கைவிரித்து நின்றாள். ஹாபி வரையும் மூடிகளில் அவள் காலடியில் காற்றுத்தேவன் ஷூ தவறாமல் இருப்பார். வானமான மகள் நூத்தையும் மண்ணான மகன் கெப்பையும் சேரவிடாமல், நடுவில் கைதூக்கி நிற்கும் தகப்பன். இதில் அவரைக் காணோம்.

"ஷூவை விட்டுட்டியே ஹாபி," என்றார் பாஷெத்.

"விடல மாமா. உங்க மகதான் வேண்டாம்னுச்சு."

வாபெத் நிமிரவில்லை. "பெத்தவரே பிரிச்சு வச்சது போதும். இனியாவது ரெண்டு பேரும் சேந்து கெடக்கட்டும்."

"தாங்க ஆளில்லன்னா வானம் இடிஞ்சு விழுந்துரும்டி," என்றாள் ஹெனூத்.

"விழுந்தாச்சு அத்தை."

பாஷெத் நாணல் பேனாவை மையில் தோய்த்தார். மேற்கே, செத்தவர்களின் நாட்டுக்குப் போகிறவனுக்குக் கடிதம் எழுதி நெஞ்சில் வைத்து அனுப்ப வேண்டும். ஊராரின் கடிதங்களை முப்பது வருஷமாக எழுதுகிறவர் அவர். சொன்னதை எழுதுவார், எழுதியதை உரக்கப் படிப்பார், பிறகுதான் முத்திரை.

"எழுதுங்கப்பா. 'மேன்னா, மேற்கே சௌக்கியமா? ரொட்டியும் பீரும் மாசாமாசம் கொண்டாறேன். பீரை அளவாக் குடி.'"

ஹாபி சிரிக்கப் பார்த்து, முடியாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"'அப்பா என்னைக் கூட்டிட்டு வந்து ரெண்டு வருஷ வெள்ளம் வடிஞ்சிருச்சு. ஒருதரம்கூட நீ வாசல்ல வந்து நிக்கல. ஏன்னு கனவுல வந்து சொல்லு.'"

பேனா நின்றது.

மேன்னா மூன்று முறை வந்திருந்தான். மூன்றாம் முறை குடிக்காமல், புதுச் செருப்பு ஒரு ஜோடியோடு. 'உன் முகத்துல முழிக்க மாட்டேங்கிறா,' என்று சொல்லி அனுப்பியவர் பாஷெத். அவள் அப்போது பின்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

வாபெத்துக்குப் படிக்கத் தெரியாது. எதை எழுதினாலும் தலையாட்டுவாள். அவரை விட்டால் அவளுக்கும், அவளை விட்டால் அவருக்கும் வேறு யாருமில்லை.

அவர் எழுதினார். அவள் சொன்னதைவிட இரண்டு வரி கூடுதலாக. பிறகு, வழக்கம்போல், படித்தார்.

"'...ஏன்னு கனவுல வந்து சொல்லு. நீ மூணுதரம் வந்தே. அவகிட்ட சொல்லாம உன்னைத் திருப்பி அனுப்புனது நான், பாஷெத்.'"

ஹெனூத்தின் கையிலிருந்த மண் விரலிடுக்கில் சரிந்தது. வாபெத் கேட்டாள்.

"வெறுங்கையோடவா வந்தாரு?"

"செருப்பு கொண்டாந்தான். வார் சிவப்பு."

"எங்க அது?"

"தானியக் குதிருக்குப் பின்னால."

அவள் தாளை வாங்கினாள். சுருட்டி, நூல் கட்டினாள். பாஷெத் தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றி நீட்டினார். அவள் வாங்கவில்லை; ஈரக் களிமண்ணைக் கிள்ளி முடிச்சில் வைத்துத் தன் கட்டைவிரலால் அழுத்தினாள். கடிதத்தை மேன்னாவின் கைகளுக்கடியில் செருகினாள்.

"மூடுங்க," என்றாள்.

மூடியின் ஒரு முனையை ஹாபி பிடித்தான். மறுமுனையைப் பாஷெத் பிடித்தார். நட்சத்திரங்கள் மெல்ல இறங்கின.