அனுப்பாத ஒலிக்கும் அழுத்தியவர்

எங்கள் ஃபோபோர் ஊர்ச் சேர்ந்திசைக் குழுவை நடத்தும் டோர்கில் என் அக்கா புருஷன். தன் காதைப் பற்றி அவரே சொல்லுவார்: "இது காது இல்ல மாப்ளே, கருவி." கருவி பழுதாகிவிட்டது என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். மேல் சுருதியில் பாடும் பெண்களைப் பார்த்து, "வாய மட்டும் அசைச்சா போதுமாம்மா? பாடுங்க!" என்பார். பாடுவார்கள். இன்னும் என்பார். கத்துவார்கள். எங்கள் ஒத்திகை நடக்கும் தேவாலயத்துக்கு எதிர்வீட்டுப் பல் வைத்தியர், தன்னிடம் வருகிறவர்கள் வாசலிலேயே பயந்து திரும்பிவிடுவதாகச் சொல்லியனுப்பினார்.

டென்மார்க்கில் ஒருவரை நேரே பார்த்து 'போய் வாருங்கள்' என்று சொல்லிவிட முடியாது. நாலு பேர் சேர்ந்து பாடினால் அது சங்கம்; சங்கமென்றால் விதிமுறை, பொதுக்கூட்டம், காபி, கேக். நாங்களும் கேக்கை வெட்டிக் கை தூக்கித் தீர்மானம் போட்டோம்: நடுக்கோடைச் சொக்கப்பனைக் கச்சேரிக்கு முன் டோர்கில் காதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பிறகு, குழுவை நடத்தும் கோல் அவர் கையிலா வேறு கையிலா என்று வாக்கெடுப்பு.

"போய்ட்டு வந்து உங்க எல்லார் மூஞ்சிலயும் கரியப் பூசறேன்," என்றார் டோர்கில். சாட்சிக்கு என்னையும் அவரோடு அனுப்பினார்கள்.

செவிச் சோதகர் குன்வோர் வாட்டசாட்டமான பெண். சிரித்தால் ஜன்னல் அதிரும். டோர்கிலைச் சத்தம் புகாத சிற்றறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்.

"சத்தம் கேட்டா அழுத்துங்க. ரொம்ப மெலிசா கேட்டாலும் அழுத்தணும். கேக்கலேன்னா சும்மா இருங்க."

"சும்மா இருந்து எனக்குப் பழக்கமில்லம்மா."

"அது பாத்தாலே தெரியுது."

கதவு மூடியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குன்வோரும் நானும். தணிந்த சுருதிகளில் டோர்கில் சிங்கம், ஒன்றைக்கூட விடவில்லை. சுருதி ஏறியது. அப்போதும் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இடது கை காற்றில் லேசாக ஆட, வலது கை கனகச்சிதமாக அழுத்திக்கொண்டே போனது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கரி எங்கள் மூஞ்சியில்தானோ?

குன்வோர் ஒலி அனுப்பும் இயந்திரத்திலிருந்து கையை எடுத்தார். ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். டோர்கில் அழுத்தினார். குன்வோர் மென்றார். டோர்கில் மறுபடி அழுத்தினார், முகத்தில் ஒரு பரவசத்தோடு.

கதவைத் திறந்ததும் கேட்டார்: "எப்படி? ஒண்ணு விட்டனா?"

"விடல. நான் அனுப்பாததையும் சேத்துக் கேட்டுட்டீங்க."

"தாளம் அப்படித்தானம்மா போச்சு! அடுத்த அடி அங்கதான் விழணும்."

குன்வோர் சிரித்த சிரிப்பில் சிற்றறையின் கதவே ஆடியது. "என் தப்பும் இருக்கு. கடிகாரம் மாதிரி ஒரே இடைவெளி விட்டு அனுப்பிட்டேன். பாட்டுக்காரருக்கு அப்படிப் பண்ணலாமா?"

இரண்டாம் தடவை தாளம் கெட்டு, தாறுமாறாக அனுப்பினார். டோர்கிலின் இடது கை கொஞ்ச நேரம் தடுமாறி, மடியில் விழுந்தது. பொத்தான் பாதி நேரம் சும்மா இருந்தது.

திரையில் வரைபடம் வந்தது. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி. மேலே இருந்தால் நல்ல காது. கீழே இறங்க இறங்க, சத்தத்தைக் கூட்டினால்தான் கேட்கும். தணிந்த சுருதிகள் மேலே சமர்த்தாக வரிசையில் நின்றன. மேல் சுருதிக்குப் போகப்போக இரண்டு காதும் சேர்ந்தே சறுக்கின. மலையே இல்லாத எங்கள் நாட்டில் அப்படி ஒரு சரிவை நான் பார்த்ததில்லை.

"குறும்பியா இருக்கும்," என்றார் டோர்கில். ஊரிலேயே தன் காதில் அழுக்கு இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

குன்வோர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு, காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு சின்ன அதிர்வியை வைத்துச் சோதித்தார். எலும்பு வழியாகவும் அதே சரிவு. "அடைப்பு ஒண்ணும் இல்ல. உள்காதுதான் தேஞ்சிருக்கு. வயசு."

டோர்கில் குனிந்து வரைபடத்தை இன்னொரு தடவை பார்த்தார். "அப்ப கோலக் குடுத்துடணுமா?" என்றார், மிக மெதுவாக.

"கோலக் காதுலயா புடிக்கிறீங்க? கருவி ரெண்டு தரேன். அப்புறம் பாக்கலாம்."

இரண்டு வாரம் கழித்து, காதுக்குப் பின்னால் அவரைக்காய் விதை அளவில் இரண்டு கருவிகளோடு ஒத்திகைக்கு வந்தார். கோலைத் தூக்கினார். பெண்கள் வழக்கம்போலத் தொண்டை கிழியத் தொடங்கினார்கள். டோர்கில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "எதுக்கும்மா இந்தக் கத்தல்? யாராவது அடிச்சாங்களா?" என்றார்.

மேல் சுருதிக்காரி டாக்னி அங்கேயே அழுதுவிட்டாள், ஆனந்தத்தில். சன்னமாகப் பாட அனுமதி கிடைத்து வெகுகாலமாகியிருந்தது. அவர்கள் பாடினார்கள், அது பாட்டாகவே இருந்தது. அவரும் கோலை ஆட்ட மறந்து, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

அப்புறம் ஆரம்பித்தது வினை. சொல்லின் முடிவில் வரும், இத்தனை நாள் அவருக்குக் கேட்காத ஸ் ஒலியை ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நேரத்தில் சொல்லுகிறோமாம். அந்த ஒரு ஸ்-ஸுக்காக எங்களை முக்கால் மணி நேரம் அறுத்தார். பின்வரிசையில் என் பக்கத்தில் நின்ற அவ்லுக் கிசுகிசுத்தான்: "யப்பா, பழைய காதே தேவலடா."

"கேட்டுச்சு அவ்லுக்," என்றார் டோர்கில், திரும்பாமலே.

கூடமே வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் டாக்னி வாக்கெடுப்பைத் தொடங்கிவிட்டாள். கோல் டோர்கிலுக்கே என்று எல்லாக் கைகளும் தூக்கப்பட்டன. அவ்லுக் இரண்டு கையையும் தூக்கியதை ஒரு வாக்காகத்தான் எடுத்துக்கொண்டோம். காபி ஆறுகிறது என்று யாரோ சொன்னார்கள். டோர்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோலைத் தட்டி, "காபி அப்புறம். இன்னொரு தடவ, அந்த ஸ்-லேர்ந்து," என்றார்.