பஞ்சுப் போர்வைக்கு ஒரு தையல் மெஷின்

பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்காக, துண்டுத் துணிகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்துப் போர்வை தைக்க வேண்டும் என்று ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவருக்கு ஆசை வந்தது. தையல் மெஷினை எங்கே வாங்குவது என்பதில்தான் தலை சுற்றியது. மனைவி இணையத்தில் வாங்கச் சொன்னார். மச்சானோ பழைய மெஷின்தான் உழைக்கும் என்றார். பெரிய கடையின் விற்பனையாளர் இருநூறு வகைத் தையலைக் காட்டிவிட்டு, "வீட்டுல அம்மாவுக்கா சார்?" என்றார்.

"எனக்குத்தாங்க" என்றவர், கேட்க வந்ததெல்லாம் மறந்து வெளியே வந்துவிட்டார்.

சந்து முனையிலிருந்த சின்னக் கடையை நடத்தும் அம்மா மட்டும், "எத்தனை அடுக்கு தைப்பீங்க?" என்று கேட்டார். ஓட்டுநர் பையிலிருந்து பஞ்சு வைத்த துணியை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா தைத்துப் பார்த்தபோது, ஒரு மெஷினில் துணி நகரவே இல்லை. அடுத்ததில் பாதி ஓடி, ஊசி பட்டென்று உடைந்தது. அவர் பதறாமல் தடித்த ஊசியை மாட்டி, "இப்ப நீங்களே தைச்சுப் பாருங்க" என்று எழுந்து இடம் விட்டார். தையல் கோணல்மாணலாகத்தான் போனது. ஆனாலும் மூன்று அடுக்கும் சேர்ந்து நின்றன.

மனைவி போனில் கேட்டார், "எந்த மெஷினுங்க?"

"அது இன்னும் குழப்பமாத்தான் இருக்கு. ஆனா கடை இதுதான்."