அந்தரத்தில் நின்ற பனிச்சரிவு

வல்மோரே பள்ளத்தாக்கில், போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்த ஒரு மார்ச் மாதத்தில் மலையிலிருந்து புறப்பட்ட பனிச்சரிவு, பாதைக்கு இரண்டு ஆள் உயரத்தில் அந்தரத்தில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அது விழவும் இல்லை, உருகவும் இல்லை. மலைவிடுதிக்கு ரொட்டியும் விளக்குக்கு எண்ணெயும் சுமந்துபோன சில்வேன் அதற்குள் இருந்தான். வயது இருபத்தாறு, கல்யாணமாகி நான்கு மாதம். ஒரு கையை நீட்டியபடி, கன்னச் சிவப்பு மாறாமல், கண் திறந்தபடி இருந்தான். ஆவோஸ்தா நகரத்திலிருந்து வந்த பொறியாளர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, கீழே யாரும் சத்தம் போடக்கூடாது என்று பலகை வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு என்பதால் மேலே போக வேறு பாதையும் இல்லை. கோடையில் மேய்ச்சலுக்கு ஏறும் மாடுகளின் மணிகளுக்குள் வைக்கோலைத் திணித்து ஓட்டிப்போனார்கள். முதலிரண்டு வருடம் வெளியூர்க்காரர்கள் படமெடுக்க வந்தார்கள். பிறகு அவர்களும் மேலே விடுதியில் சூப்பு ஆறிவிடுமே என்ற கவலையில் நிமிராமல் கடந்தார்கள்.

அவன் மனைவி ஓனோரினாவுக்குத்தான் பாடு. செத்தான் என்று வைத்தியர் எழுதித் தரவில்லை, அதனால் பாதிரியார் பூசை வைக்கவில்லை. கறுப்பு உடுத்தினால் மாமியார் செராஃபினா சாபமிட்டாள், பூப்போட்டது உடுத்தினால் ஊர் முறைத்தது. கடைசியில் பழுப்பு நிறத்தில் இரண்டு உடை தைத்துக்கொண்டு, புருஷன் விட்ட சுமையைத் தோளில் ஏற்றினாள். கோடைதோறும் காலையில் ரொட்டியோடு ஏறி, சாயங்காலம் வெறுங்கூடையோடு இறங்கினாள். அவனுக்குக் கீழே வரும்போது மட்டும் அன்று ஊரில் நடந்ததை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போவாள். யாருக்குக் குழந்தை, யார் வீட்டு மாடு சினை என்று. அழ மட்டும் அவளுக்கு வரவில்லை. எதற்கென்று அழுவது?

மலைவிடுதியை நடத்திய அன்செல்மோ அதிகம் பேசாதவன். ஒருமுறை பாலாடைக்கட்டியை வெட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல், “இங்கயே இருந்துடலாமே நீங்க. குளிர்காலத்துக்கும் சேத்து விறகு இருக்கு” என்றான்.

“என் புருஷன் வழியில தொங்கிட்டிருக்காரு, அன்செல்மோ.”

அவன் தலையாட்டினான், மறுபடி கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் இறங்கும்போதெல்லாம் பனிச்சரிவு தெரியும் திருப்பம்வரை கூட நடந்து வந்து, அங்கே தொப்பியைக் கழற்றிச் சில்வேனுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத் திரும்புவான். இப்படியே இருவருக்கும் தலை நரைத்தது.

செராஃபினாவுக்கு இது தெரியாமலில்லை. “இன்னைக்கு என்னடி இவ்வளவு நேரம்? ரொட்டி கனமா, எறங்க மனசில்லையா?” என்பாள். மகன் நின்ற இடத்தை முதல் நாள் பார்த்ததோடு சரி, பிறகு அந்தப் பக்கமே அவள் போனதில்லை. பார்க்காதவரை அவன் வந்துகொண்டிருக்கிறான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இருமலில் ரத்தம் வரத் தொடங்கிய ஆகஸ்டில், ஒரு காலை, கனத்த காலணியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். “நானும் வர்றேன். முறைக்காத. உன்கிட்ட தூக்கிட்டுப் போகச் சொன்னேனா?”

கிழவி எல்லா இடத்திலும் நின்றாள். புல் அறுப்பவர்களிடம் அரிவாள் மழுங்கிவிட்டது என்றாள். பாலத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ஊற்றருகே ரொட்டியும் தொத்திறைச்சியும் தின்று, “உன் கைப்பக்குவம் இன்னும் தேறல” என்றாள். ஓனோரினா கைகொடுத்தபோது தட்டிவிட்டாள். கொஞ்ச தூரம் போய், தானே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

பனிக்குக் கீழே வந்ததும் நிமிர்ந்தாள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“எவ்வளவு சின்னப்பையன்டி” என்றாள். மருமகளின் நரையைப் பார்த்தாள். “இப்ப அவன் பக்கத்துல நீ நின்னா, அத்தையான்னு கேப்பாங்க.”

“மெதுவா பேசுங்க அத்தை.”

“பெத்தவளுக்கு என்னடி பலகை? நீ மேல போ. அந்த மனுஷன்கிட்ட நல்ல சூப்பா வைக்கச் சொல்லு. உனக்கும் சேத்து. நான் என் புள்ளகிட்ட பேசணும்.”

“சேந்தே போலாம்.”

“போடீன்னா.” பிறகு குரலைத் தணித்து, “போம்மா” என்றாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓனோரினா அவளிடம் கேட்டிராத வார்த்தை அது. அதனாலேயே மறுக்க முடியாமல் ஏறினாள்.

விடுதி வாசலில் அன்செல்மோ அவள் தோளிலிருந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்தபோது கீழிருந்து அந்தக் குரல் வந்தது. விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் குரல். “சில்வேன்! போதும்டா, எறங்கி வா!” அதைத் தொடர்ந்து மலை முழுவதும் உறுமியது.

மண்வெட்டிகளோடு ஓடினார்கள். புல் அறுத்தவர்களும் ஏறி வந்தார்கள். பனி புதுசாக இருந்தது, மார்ச் மாத வாசனையோடு. சாயங்காலத்துக்குள் இருவரையும் எடுத்தார்கள். கிழவி தன் சால்வையை மகன்மேல் போர்த்தியிருந்தாள், அவன் கை அவள் முதுகில் இருந்தது. இருவருக்கும் உயிரில்லை. சில்வேனின் உடம்பில் மட்டும் இன்னும் சூடு இருந்தது. தனக்கு மகன் வயதுக்காரனாகிவிட்ட புருஷனின் கையை ஓனோரினா இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, அது சில்லிடும்வரை விடவில்லை. வைத்தியர் பார்த்துவிட்டு, வாலிபன், வயது இருபத்தாறு, இன்று பிற்பகல் இறந்தான் என்று எழுதினார். பாதிரியார் மணியடிக்கச் சொன்னார்.

பழைய துக்கத்துக்கு வருவதுபோல யாரும் வரவில்லை. புதிதாகத் தாலியறுத்தவள் வீட்டுக்கு வருவதுபோலவே வந்தார்கள், பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள், அடுப்பு மூட்டவிடாமல் கஞ்சி கொண்டுவந்தார்கள். அன்செல்மோ முதன்முறையாக அவள் வீட்டுப் படியேறினான். தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

“சின்ன வயசு. இப்படிப் போயிருக்க வேணாம்” என்றான்.

“ஆமா. நேத்து ராத்திரிகூட அவருக்குச் சொல்ல விஷயம் சேத்து வெச்சிருந்தேன்” என்றாள் ஓனோரினா. அப்போதுதான் அழுகை வந்தது. அவன் நின்றுகொண்டே இருந்தான். இருட்டியபின் போனான்.

அந்தப் பள்ளத்தாக்கில் விதவைக்கு ஒரு வருடம் கறுப்பு. அவள் ஒரு நாளும் குறைக்காமல் உடுத்தினாள். வருடம் முடியும்வரை அன்செல்மோ வேறெதுவும் பேச வரவில்லை. ஆகஸ்டில் கணவனை இழந்தவளிடம் அதற்குள் பேசுவது முறையல்ல என்றே எல்லோரும் சொன்னார்கள்.