வாக்குச்சாவடிக்குக் கடைசி சவாரி

பனியில் வழுக்கிய வேனை ஒரே வெட்டில் நேராக்கினாள் லோர்னா குசிக். வாக்குச்சாவடி மூட இன்னும் சில நிமிடங்கள்தான். பின்சீட்டில் கிழவர் ஹால்வர்சன் அலறினார்.

"மெதுவா போம்மா! ஓட்டுப் போடக் கூட்டிட்டுப் போறியா, ஒரேயடியா மேல அனுப்பப் போறியா?"

"கைப்பிடியைப் புடிங்க பெரியவரே. காலைலேர்ந்து எத்தனை தடவை உங்க வீட்டுக் கதவைத் தட்டினேன்! நீங்க ஐஸ்ல கல்லைத் தள்ளி கர்லிங் ஆடப் போயிட்டீங்க."

"உன் தம்பிக்குத்தான் போடுவேன்னு யார் சொன்னா?"

"போடலைன்னா நடந்துதான் வீட்டுக்குப் போகணும்!"

தம்பி டேல்தான் வேட்பாளர். பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு நின்றிருந்தான். ஜெயித்தால் தலைநகர் ஒட்டாவா, நாடாளுமன்றம். தோற்றால் வேலையும் இல்லை, வீட்டுக் கடனும் அப்படியே. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துக் கோதுமை வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் தொகுதி அது. ஆதரவாளர்களை வீடு வீடாகப் போய் அள்ளிக்கொண்டு வருபவர்கள்தான் கரையேறுவார்கள். அந்தப் பொறுப்பு முழுக்க லோர்னாவின் தலையில்.

வாக்குச்சாவடியாக இருந்த தேவாலயத்து மண்டபக் கதவை அடைக்கப் போன சமயத்தில் ஹால்வர்சனைப் பிடித்து உள்ளே தள்ளினாள். கிழவர் வெளியே வந்து கண்ணடித்தார்.

"போட்டாச்சு. இப்ப வண்டியில ஏத்துவியா?"

லோர்னா சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

டேல் தோற்றான். ஒரே ஒரு ஓட்டில்.

நீதிபதி முன்னிலையில் மறுபடி எண்ணினார்கள். ஒவ்வொரு சீட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். எதுவும் மாறவில்லை. அதே ஒரு ஓட்டு.

தேர்தல் அலுவலகம் காலியாகிக் கிடந்தது. சுவரில் சிரித்துக்கொண்டிருந்த தன் படத்தை டேலே கிழித்தான்.

"சமமா வந்திருந்தாக்கூட மறுதேர்தல் வெச்சிருப்பாங்க, அக்கா. ஒரே ஒரு ஓட்டு! ஹால்வர்சன் கால வாரிட்டாரா?"

"இல்லடா. அவரு அப்படிப்பட்ட ஆள் இல்ல."

"அப்ப நம்ம ஆள் எவனோ வீட்டுலயே இருந்துட்டான். சோபாவுல காலை நீட்டிட்டு டிவி பார்த்திருப்பான். அவன் மட்டும் என் கையில கெடச்சான்..."

லோர்னா கையிலிருந்த காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். ஆறிப்போய் வெகு நேரமாகியிருந்தது.

"சோபாவுல இல்லடா," என்றாள். "நாள் பூரா வேன்லயேதான் இருந்தேன். ஊரையே கொண்டு வந்து எறக்கினேன். நான் மட்டும் உள்ள போகவே இல்ல, டேல்."