சீர்வரிசையில் வந்த வால்வு

என் கல்யாணச் சீர்வரிசையில் பித்தளை அண்டா, வெள்ளிக் குத்துவிளக்கு, தேக்கு பீரோ, இவற்றுக்குப் பின்னால் ஒரு கன்ட்ரோல் வால்வும் வந்தது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே வந்தது. அப்பாவுக்குக் கோவை சின்னவேடம்பட்டியில் வால்வு தொழிற்சாலை. என் மாமனார் நஞ்சுண்டனுக்கு வெள்ளகோவில் பக்கம் அட்டை மில். பாய்லருக்குச் சூடான தண்ணீர் போகும் குழாயில் புது வால்வு போடவேண்டும் என்று சம்பந்தி வீட்டில் பேச்சு வந்ததும் அப்பா விடவில்லை. வால்வுக்குப் பளபளவென்று பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, ரோஜா மாலை போட்டு, மண்டப வாசலில் கிரேன் வைத்து இறக்கினார். சொந்தபந்தமெல்லாம் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. என்னோடு எடுத்ததைவிட அதிகம்.

அந்தக் குழாய்க்கு இரண்டு இஞ்சு வால்வு போதும். வந்தது ஆறு இஞ்சு.

கல்யாணத்துக்கு முன்பு அப்பாவின் தொழிற்சாலையில் வால்வுக்கு அளவு கணக்கிடுவதுதான் என் வேலை. அதனால் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்கு மண்டபமும் வால்வும் ஒன்றுதான். பெரிதாக இருந்தால் கௌரவம். தண்ணீருக்கு அந்தக் கௌரவமெல்லாம் தெரியாது. தேவைக்கு மேல் பெரிய வால்வைத் தாராளமாகத் திறக்க முடியாது, தண்ணீர் கூடிப்போகும். மயிரிழை இடுக்கு விட்டு நிறுத்திவைக்க வேண்டும். அந்த இடுக்கில் பாயும்போது தண்ணீரின் அழுத்தம் ஒரேயடியாக விழும். குமிழி குமிழியாகக் கிளம்பும். இடுக்கைத் தாண்டியதும் அழுத்தம் திரும்பும், குமிழிகள் நொறுங்கும். நொறுங்கும் ஒவ்வொன்றும் இரும்பைக் கொஞ்சம் கொத்திக்கொண்டு போகும். வெளியே கேட்பவருக்குக் குழாய்க்குள் ஜல்லி ஓடுவதுபோல இருக்கும்.

எங்கள் வால்வில் மாட்டிய அன்றைக்கே ஜல்லி ஓடியது.

பாய்லர் ஆபரேட்டர் ஞானமுத்துவின் மேஜை அதன் பக்கத்திலேயே கிடந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் காதுக்குள் இரைகிறது என்று மாமனாரிடம் வந்து சொன்னார்.

“ஏனுங்க ஞானமுத்து, பெரிய வால்வுன்னா சத்தம் போடாம இருக்குமுங்களா? புல்லட் வண்டி சத்தம் போடறதில்லீங்களா?” என்றார் மாமனார். முட்டாள்தனத்தைக்கூட நாங்கள் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவோம்.

நான் சொல்லிப் பார்த்தேன். “மாமா, அது வால்வை உள்ளயே தின்னுட்டிருக்குதுங்க. கழட்டி மாத்தோணுமுங்க.”

“சீரா வந்ததக் கழட்டறதா? சம்பந்தி மூஞ்சில எப்படிக் கண்ணு முழிக்கறது?”

அப்பாவுக்கு போன் போட்டேன். சம்பந்தியே ஒன்றும் சொல்லவில்லை, உனக்கென்ன என்றார். ஒருவர் சொல்லமாட்டார், இன்னொருவர் கேட்கமாட்டார். இதற்குப் பெயர் மரியாதை. என் வீட்டுக்காரர் மனோஜ்குமார் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல், “அப்பா பாத்துக்குவாரு” என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் அது.

மாமனாரும் பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். வால்வைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு பொதிந்து, அதற்குமேல் ஒரு தகரப் பெட்டி அடித்தார். பெட்டிக்கும் குங்குமம் வைத்தார். சத்தம் பாதியாகக் குறைந்தது. வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, “எப்படீங்க நம்ம ஐடியா?” என்று கேட்டார். அழுகிற குழந்தையின் வாயைப் பொத்திவிட்டு வயிறு நிறைந்துவிட்டது என்று நினைக்கிற மூளை. எனக்கு அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் பயமாக இருந்தது. உள்ளே இரும்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் வால்வின் வயிறு ஓட்டையாகிவிட்டது. கொதிக்கும் தண்ணீர் பெட்டியின் இடுக்கு வழியாகப் பீறிட்டு ஞானமுத்துவின் இடது கையையும் தோளையும் வேகவைத்தது.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு சம்பந்திகளும் ஒரே காரில் வந்தார்கள். கையில் ஆப்பிள், ஹார்லிக்ஸ். நர்ஸ் அப்போதுதான் கட்டைப் பிரித்து மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

“ஏனுங்க ஞானமுத்து, கொஞ்சம் தள்ளிப் பார்த்து நிக்கக் கூடாதுங்களா?” என்றார் மாமனார்.

கட்டிலோரம் நின்றிருந்த ஞானமுத்துவின் மனைவி அருள்செல்வி பதில் சொன்னாள். “மேஜைய அங்க போட்டது நீங்கதானுங்க.”

மாமனார் ஆப்பிள் பையை ஸ்டூலின்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். வராந்தாவில் பேச்சு தொடங்கியது.

“நம்ம வால்வுல ஒரு குத்தமுமில்லீங்க சம்பந்தி. தண்ணிதான் சரியில்லீங்க,” என்றார் அப்பா.

“ஆமாங்க, எங்க தண்ணிதானுங்க சரியில்ல.”

“நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. இந்தத் தடவ எட்டு இஞ்சே அனுப்பிச்சுப்போடறேன்.”

நான் குறுக்கே புகுந்தேன். “அப்பா, எங் கல்யாணம் நடந்த மாசம் கரூர் மில்லுக்கு இதே வேலைக்கு ஒரு வால்வு குடுத்தீங்களே, என்ன அளவுங்க?”

“ரெண்டு இஞ்சு. உள்ள ஓட்டை ஓட்டையாக் கூடு வெச்சது,” என்றார், இதென்ன கேள்வி என்பதுபோல.

அந்தக் கணக்கைப் போட்டவளே நான்தான். மாடியிலிருந்து குதிக்கிற தண்ணீரைப் படிப்படியாக இறக்கிவிடுகிற கூடு அது. குமிழி கிளம்பாது, இரும்பு அரிபடாது, பக்கத்தில் நின்றால் சத்தமும் பெரிதாகக் கேட்காது.

“அது தெரிஞ்சும் எனக்கு எதுக்குங்க ஆறு இஞ்சு?”

“அது வியாபாரம் கண்ணு. இது சீரு.”

கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. முன்பின் தெரியாதவனுக்குச் சரியான வால்வு. பெற்ற மகள் போகிற வீட்டுக்குப் போட்டோவுக்கு நிற்கிற வால்வு. இதைப் பாசம் என்று அவர் மனதார நம்பினார்.

“அப்படீன்னா எனக்குச் சீர் வேண்டாங்கப்பா. என்னைய வெளியாளா நெனச்சு, அந்த ரெண்டு இஞ்ச விலைக்குக் குடுங்க.”

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. “பெத்த பொண்ணு பேசற பேச்சா இது?” என்று தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமனார் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். சற்றுமுன் அந்த வெந்த கையைப் பார்த்தபோது இரண்டு பேர் கண்ணிலும் ஒரு சொட்டு வரவில்லை.